சதுர்த்தியில் பூட்டிய கோயில்

1

நேற்றுத் தவத்தின் தாயாருக்கு ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருடம். எங்கள் கட்டடத்திலேயே, மேல்மாடியில், அவனுடைய ஒற்றை அறை வீட்டில் நடந்தது. ஐயர் மிசிசாகாவிலிருந்து தானே கார் ஓட்டி வந்தார். வாசலில் குளிர்ச்சப்பாத்தைக் கழற்றினார், குளிர்கோட்டைக் கழற்றினார், பிறகுதான் ஐயரானார். கற்பூரம் கொளுத்துமுன் நான் கதிரையில் ஏறிக் கூரையிலிருந்த புகைமணியைப் பிளாஸ்ரிக் பையால் மூடிக் கட்டினேன். இந்த ஊரில் எந்தக் கிரியைக்கும் அதுதான் முதற்கிரியை.

யன்னலுக்கு வெளியே ஏரி கிடந்தது. அதற்கு மறுகரை தெரியாது. மறுகரை தெரியாத தண்ணீரைக் கடல் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் உப்புமணம் வராத கடலைக் கண் ஏற்றாலும் மூக்கு ஏற்பதில்லை. இங்கே வந்த நாளிலிருந்து இந்த இரண்டும் எனக்குள் வழக்காடிக்கொண்டே இருக்கின்றன.

பிண்டம் வைத்து எழுந்தபோது தவம் என்னைப் பார்த்தான். துக்கச் செய்தி இந்தக் கட்டடத்துக்குள் எப்படி வந்து சேருகிறது என்பதை ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதவேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். இன்று எனக்கு ஓய்வு நாள். எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது பார்க்டேலில். ரொறொன்ரோவின் மேற்குப் பக்கம். அகதியாக வந்த எங்கள் ஆட்களில் பலர் முதலில் இறங்கியது இங்கேதான். பிறகு வசதி வந்தவர்கள் கிழக்கே போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. போகவில்லை என்பதற்குக் காரணம் கேட்டால் மனைவி மலர் வாடகையைச் சொல்வாள், நான் ஏரியைச் சொல்வேன்.

வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பறக்கிற ஆட்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடம். ஒரு பாண், ஒரு வெண்ணெய்க்கட்டி, மூடி போட்ட ஒரு கோழித்துண்டு. நீண்ட பட்டி தட்டுகளோடு ஓடிக்கொண்டே இருக்கும், நாங்கள் வைத்துக்கொண்டே இருப்போம். கிழக்கே போகிற விமானத்தின் தட்டு என்று தெரிந்தால் என் கை சற்றுத் தாமதிக்கும். வெண்ணெய்க்கட்டியை நேராக வைப்பேன். அவ்வளவுதான் என்னால் ஊர்ப்பக்கம் அனுப்ப முடிந்தது.

தவம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவன். முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டதால் வேலையிடத்தில் அவனை யாரும் தவம் என்று கூப்பிடுவதில்லை. மேற்பார்வையாளர் காலையில் "ராசையா" என்று உரக்கக் கூப்பிடுவார்.

"அப்பர் செத்து எவ்வளவு காலம்" என்பான் தவம், கையுறையை இழுத்துக்கொண்டே. "மனிசனை இவங்கள் இன்னும் வேலைக்குக் கூப்பிடுறாங்கள் அண்ணை."

அவனுடைய அகதி விசாரணை பலதரம் தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை கோப்பு வரவில்லை, ஒருமுறை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. முடிவு வராமல் ஊரில் தனியே இருந்த தாயைக் கூப்பிட வழியில்லை. அந்த ஒரு விசாரணையில்தான் அவன் தன் நாட்களையெல்லாம் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தவணை வந்தது.

3

அதற்கு முந்திய ஞாயிறு காலை. முதல்நாள் தவம் வாங்கித் தந்த அறக்குளா மீன் துண்டுகளை மலர் தண்ணீரில் போட்டு இளகவிட்டிருந்தாள். ஞாயிறு இரவுச் சாப்பாடு அவனுக்கு எப்போதும் எங்கள் வீட்டில். ரெலிபோன் அடித்தது. கொழும்பு.

"அண்ணை, நான் தவத்தின்ர மச்சான் கதைக்கிறன். அவன் பக்கத்தில நிக்கிறானோ?"

அவன் பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்ட அந்தக் கேள்வியிலேயே எனக்குச் செய்தி வந்துவிட்டது.

"இல்லைத் தம்பி. சொல்லும்."

"மாமி மோசம் போட்டா அண்ணை. ஒரு கிழமைக்கு மேல இருக்குமாம். காய்ச்சல்தானாம். அங்கையிருந்து வள்ளத்தில கடந்து வந்த ஓராள்தான் இண்டைக்குச் சொன்னது. எல்லாம் முடிஞ்சுதாம்."

"அவனிட்டையும் ரெலிபோன் இருக்குத்தானே."

"இருக்கு. தனிய இருக்கிற ஆளுக்கு ரெலிபோனில சொல்லலாமோ? நீங்கள் பக்கத்தில இருந்து, சாப்பிடப் பண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ."

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செய்தி காதில் விழுந்தால் தொண்டையில் சோறு இறங்காது. ஆகவே முதலில் சோறு, பிறகு செய்தி. கடல்கடந்து நாங்கள் கொண்டுவந்த சட்டங்களில் இதுவும் ஒன்று. இதற்கு எந்த விமான நிலையத்திலும் முத்திரை குத்தவில்லை.

நான் ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மலர் மீன் துண்டுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பையில் சுற்றி, மறுபடியும் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

4

எங்கள் கட்டடத்தில் செல்லத்துரை அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாருடைய விசாரணைக்கும் துணைபோய் வந்ததால் அவருக்கு அரை லோயர் என்று பெயர். எந்த நிறத்தில் கழுத்துப்பட்டி கட்டவேண்டும், எந்தக் கேள்விக்கு முதலில் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கீழ்மாடியிலிருந்து அவரை வரவழைத்தேன். வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னார்.

"நாளையிண்டைக்குக் கேஸ். இப்ப சொன்னால் உவன் அங்க போய் வாய் திறக்கமாட்டான். மற்றத் தவணை எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? செவ்வாய் பின்னேரம் சொல்லுவம்."

மகள் அபி தன் அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே வரும்போது கையில் தூக்கிவந்த பிள்ளை. இப்போது உயர்நிலைப் பள்ளிக்கூடம். ரெலிபோனில் தோழிகளோடு பேசும்போது தன் பெயரையே வேறு விதமாக இழுத்துச் சொல்வாள். அந்த நேரத்தில் எனக்கு அது யாரோ வீட்டுப் பிள்ளையின் பெயராகக் கேட்கும். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரே மேசைக்கு இருபுறமும் இருந்து இரண்டு வானொலிகள் போல.

"அப்பா, அது அவற்ர அம்மா," என்றாள். "ஹி ஹாஸ் எ ரைட் டு நோ."

"சொல்லுவம் பிள்ளை," என்றாள் மலர். "ரெண்டு நாள்தானே."

"அங்க அவையள் அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு கேட்டா?"

"ஓம் எண்டுவான்," என்றார் அரை லோயர். "அவனுக்குத் தெரியாதுதானே. அதால அது பொய் இல்லை."

"அப்ப பொய் ஆற்ர? உங்கட."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளை வளர்த்திருக்கிறாய் என்ற பார்வை. அபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இங்கே கதவுகள் மெதுவாகத்தான் சாத்தும், ஆனாலும் சாத்தியது சாத்தியதுதான்.

5

இரவு தவம் வந்தான். பருப்பு, கத்தரிக்காய், கீரை, சொதி. அவன் தட்டையும் மலரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"என்ன அக்கா, நான் வாங்கித் தந்த அறக்குளா நீந்திப் போட்டுதோ?"

"இளகேல்லை தம்பி. கல்லு மாதிரிக் கிடக்கு."

"நேற்றையான் மீன் இண்டைக்கும் இளகேல்லையோ. நல்ல குளிர்தான்."

சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். மலர் திரும்பி நின்று, ஏற்கனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். செய்தியை மறைக்க அவள் இசைந்துவிட்டாள். ஆனால் தாய் செத்த வீட்டுப் பிள்ளைக்கு மீன் போட்டுக் கொடுக்க அவள் கை இசையவில்லை. மனம் செய்கிற உடன்படிக்கையில் கை ஒருபோதும் ஒப்பமிடுவதில்லை.

திங்கள் காலை பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்டான்:

"அண்ணை, சும்மா நீங்கள் கேளுங்கோ, நான் மறுமொழி சொல்லிப் பாக்கிறன்."

நான் கேட்டேன். பெயர் என்ன, எங்கே பிறந்தீர், எப்போது வெளிக்கிட்டீர், ஏன் வெளிக்கிட்டீர். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். கண்ணாடிக்கு வெளியே பழுத்த இலைகளோடு மரங்கள் ஓடின. இந்த நாட்டு மரங்கள் உதிர்வதற்கு முன் இப்படி எரிந்து காட்டும். ஊர் மரம் எதுவும் இவ்வளவு சத்தமாகச் சாவதில்லை.

"முடிஞ்சுது," என்றேன்.

"எங்க முடிஞ்சுது? அம்மாவைப் பற்றிக் கேக்க மறந்திட்டியள்."

பஸ் ஒரு தரிப்பிடத்தில் நின்றது. யாரோ ஏறினார்கள். நான் கேட்கவில்லை. அவனே கேட்டு அவனே சொன்னான்: "என்ர அம்மா ஊரில தனிய இருக்கிறா. எனக்கு முடிவு கிடைச்சால் முதல் வேலையா அவவைக் கூப்பிடுவன்." பிறகு என் பக்கம் திரும்பி, "கடைசி வசனம் வேணுமோ அண்ணை? கூடச் சொல்லுறமாதிரி இருக்குமோ?" என்றான்.

"இருக்கட்டும்," என்றேன். என் குரலை நானே பக்கத்து இருக்கைக்காரனின் குரல் போலக் கேட்டேன்.

6

வேலை முடிந்து நாலரை மணிபோல வந்து இறங்கினோம். அவன் தன் வீட்டுக்குப் போகாமல் என்னோடு வந்தான். வாசலில் நின்றபடியே மலரைக் கேட்டான்:

"அக்கா, வெளிக்கிடுங்கோ. பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்துபோட்டு வருவம். விடியக் கேஸ்."

பிள்ளையார் இருப்பது தொழிற்சாலைகளுக்கு நடுவே, முன்பு தளபாடக் களஞ்சியமாக இருந்த ஒரு கட்டடத்தில். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். தவம் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் அங்கேதான் போவான்.

மலர் ஏதோ தேடுகிறவள் போல அலுமாரியைத் திறந்தாள். "இண்டைக்குக் கோயில் பூட்டுத் தம்பி."

"பூட்டோ?"

"ஓம். ஏதோ திருத்த வேலையாம்."

தவம் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான். கடைக்காரன் இனாமாகத் தந்த தமிழ் நாட்காட்டி. திரும்பி மலரைப் பார்த்தான்.

"அக்கா, இண்டைக்குச் சதுர்த்தி," என்றான் மெதுவாக. "பிள்ளையார் கோயிலைச் சதுர்த்தியண்டு பூட்டுறதோ?"

மலர் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். துடக்குக்காரனை, சாவுத் தீட்டுள்ளவனை, கோயிலுக்குள் கூட்டிப்போக அவளால் முடியாது. அவனுக்குத் தெரியாமல் அவள் அவனைக் காத்தாள், சாமிக்குத் தெரியாமல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவன் சப்பாத்தின் ஒரு நாடாவை அவிழ்த்திருந்தான். மற்றதை அவிழ்க்கவில்லை. அப்படியே குந்தியிருந்து, எங்கள் முகங்களைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்து ஒரு சொல் கேட்டான்:

"ஆர்?"

வெள்ளைக்காரன் ஒருவன் இந்த இடத்தில் இருந்திருந்தால் எத்தனையோ கேட்டிருப்பான். மீன் ஏன் இல்லை என்று, கோயில் ஏன் பூட்டு என்று. எங்கள் ஆள் "ஆர்" என்று மட்டும் கேட்டான். எங்கள் வாய்கள் பொய் சொல்ல, எங்கள் வழக்கம் உண்மையை அவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது.

மலர் சேலைத்தலைப்பை வாயில் வைத்தாள். அறைக் கதவு திறந்து அபி வந்தாள். வந்து, அவனுக்கு முன்னால் நிலத்தில், முழங்கால் முழங்காலோடு முட்டுமளவுக்கு இருந்தாள்.

"உங்கட அம்மா, அங்கிள்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பலமுறை ஆட்டினான். யாரோ நீளமாக ஏதோ விளங்கப்படுத்துவது போலவும் அவன் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்வது போலவும் இருந்தது. பிறகு எழுந்து, ஒற்றைச் சப்பாத்தோடு எங்கள் குளியலறைக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் மற்றச் சத்தமும் இருந்தது. செய்தி கேட்டதும் தலைமுழுகுவது முறை. ஊரில் கிணற்றடிக்கு ஊரே கூடவரும். இங்கே ஒரு பிளாஸ்ரிக் திரை.

ஈரத்தலையோடு வந்து கதிரையில் இருந்தான். மலர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தான்.

"அக்கா, நீங்கள் என்னைக் கோயிலுக்கு விட்டிருக்கலாம். தெரியாமல் போனால் துடக்கு இல்லை."

"எனக்குத் தெரியுமே தம்பி," என்றாள் மலர். அப்போதுதான் அவள் அழுதாள்.

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று, கேஸைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், லோயரோடு கதைக்கலாம் என்றேன். அவன் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"நாளைக்கு எத்தினை மணிக்கு அண்ணை வெளிக்கிடுறது?"

7

அவன் கேட்டுக்கொண்டதால் நானும் விசாரணை அறைக்குள் போய்ப் பின்னால் இருந்தேன். சிறிய அறை. ஒரு கொடி, ஒரு தண்ணீர்ச் சாடி, நரைத்த தலையோடு ஒரு நடுவர் அம்மா, சூட் போட்ட இளம் மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆள்தான். அவருடைய தமிழ் தீவுப்பக்கத்துத் தமிழ். காலையிலேயே லோயரிடம் தவம் சொல்லிவிட்டான், தள்ளிவைக்க வேண்டாம், தான் கதைப்பேன் என்று. "அம்மாவின்ர சாவைச் சொல்லி இரக்கம் கேக்கவும் வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுவன்."

கேட்டார்கள். பஸ்ஸில் நாங்கள் சொல்லிப்பார்த்த அதே வரிசையில் கேள்விகள் வந்தன. அவன் நிதானமாகச் சொன்னான். பிறகு நடுவர் தாளைப் புரட்டி, உங்கள் தாயார் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"இல்லை," என்றான் தவம். "அம்மா செத்திட்டா. எனக்கு நேற்றுப் பின்னேரம்தான் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நடுவர் பேனாவை வைத்தார். ஓய்வு வேண்டுமா, வேறொரு நாள் வரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, உங்கள் இழப்புக்காக மிகவும் வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உண்மையாகவே சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லவேண்டும். வாயைத் திறந்தார். நாங்கள் செத்தவீட்டில் இப்படி வசனம் சொல்கிற ஆட்கள் இல்லை. போய்க் கையைப் பிடிப்போம், பிறகு பேசாமல் இருப்போம். அந்த இளைஞர் மேசைக்கு மேலால் இரண்டு கையையும் நீட்டித் தவத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, மொழிபெயர்த்தாகிவிட்டது என்று நடுவருக்குத் தலையசைத்தார்.

முடிவை அன்றே சொன்னார்கள். ஏற்றுக்கொண்டார்கள். லோயர் கைகொடுத்தார். தவம் அந்தக் கையையும் இரண்டு கையாலும் பிடித்தான்.

8

கட்டடத்துக்கு வந்து லிஃப்ற்றிலிருந்து வெளியே வந்தபோது அவனுடைய மாடி நடைபாதை நிறைய ஆட்கள். கேஸ் வென்றதைக் கேட்டு வந்தவர்கள் பாதி, சாவைக் கேட்டு வந்தவர்கள் பாதி. இரண்டையும் கேட்டவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரோடு நின்றார்கள். ஒரு பெண் கேசரி செய்துகொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில்தான் மற்றதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். மூடிய தட்டைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"அதை உள்ளுக்கு வையுங்கோ அக்கா," என்றான் தவம். "பிள்ளையள் சாப்பிடட்டும்."

அரை லோயர் நெருங்கி வந்து, "வாய் திறந்திட்டாய் என்ன?" என்றார். அவருக்கு அதைவிட ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தவம் அவர் தோளைத் தொட்டான்.

எல்லாரும் நிலத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு, முதுகில் புத்தகப்பையோடு அபி வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் இப்படியான வீடுகளுக்கு வருவதில்லை. வந்தாலும் கீழே காரில் இருந்து பாட்டுக் கேட்பார்கள். நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை.

பொழுதுபட ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் நேரே போய்ச் சப்பாத்தை மாட்டினார்கள். ஒருவரும் விடைபெறவில்லை. செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதாகிவிடும். கதவு திறந்தது, மூடியது, திறந்தது. ஒவ்வொரு முறையும் ஓராள் குறைந்தது. அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி அவன் யாரை இங்கே கூப்பிடுவான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அபியும் எழுந்தாள். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் பாய் என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிற பிள்ளை. அன்று கதவடியில் நின்றாள். அவனுக்காக, அவனுடைய துக்கத்துக்காக, தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள்:

"போயிட்டு வாறன், அங்கிள்."

மலரின் கை தானாக உயர்ந்தது, அந்தச் சொல்லைக் காற்றிலேயே பிடித்துவிடலாம் என்பதுபோல. இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

தவம் நிமிர்ந்தான். அன்று முழுவதும் அப்போதுதான் அவன் கண் நிறைந்ததைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை," என்றான். "வா."